சதுக்கத்தின் இடது மூலை

"ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அம்மா."

மடத்துக்கு வந்த நாள் முதல் ஏகாம்பரம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஒரே மகள் செண்பகம் ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பாடையை நகரச் சதுக்கத்தின் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். அன்று சந்தை நாள். அந்தச் சதுக்கத்தில் செண்பகத்துக்குத் தெரியாத கடைக்காரர் கிடையாது.

எலுமிச்சம்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த பெண், பேச்சை நிறுத்தாமலே ஒதுங்கி வழிவிட்டாள். சாணை பிடிக்கிறவரின் சக்கரம் நிற்கவில்லை. யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

மகள் போனதையாவது விதி என்று விட்டுவிடலாம், அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டார் ஏகாம்பரம்.

மடத்தின் தலைவி கோமளவல்லி அம்மையார் அவரைவிடப் பத்து வயது இளையவர். அவரைக் கூடத்துக்கு அழைத்துப் போய், சுவரில் மாட்டியிருந்த பழைய தைலவண்ண ஓவியத்தைக் காட்டினார். பல காலத்து விளக்குப் புகையில் அது அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்துக் கிடந்தது. துடைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டார்.

ஏகாம்பரம் மறுக்கவில்லை. வீட்டில் அவருக்காகக் காத்திருக்க யாரும் இல்லை.

ஈரப் பஞ்சால் விரல் அகலம் விரல் அகலமாகத் துடைத்தார். முதல் வாரம் ஒரு மாட்டு வண்டி தெரிந்தது. பிறகு, வளையல் போட்டுக்கொள்ள நீட்டிய ஒரு கை. தர்பூசணி கீறுகிறவர். குடை தைக்கிறவர். செருப்பு வார் அறுந்து ஒற்றைக் காலில் நிற்கிற தபால்காரர். நடுவில் இருந்த கல்தூணைப் பார்த்ததும் இடம் பிடிபட்டுவிட்டது. அதே சதுக்கம்.

துடைக்கத் துடைக்க, அவர்கள்மேல் அவருக்கு ஆத்திரம்தான் வந்தது. இருந்தும் கையை எடுக்கவில்லை.

இரண்டாம் மாதம், இடது மூலையில், கை தானாக நின்றது.

நான்கு பேர் ஒரு பாடையைத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னப் பாடை. பின்னால் ஒரே ஒருவர் நடந்தார்.

ஏகாம்பரம் சதுக்கத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வளையல்காரர் வளையலைப் பார்த்தார். தபால்காரர் செருப்பைப் பார்த்தார்.

அவர் அம்மையாரைத் தேடிப் போனார். அம்மையார் கிணற்றடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அந்தக் காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கிறது." ஓவியம் இருந்த கூடத்தின் பக்கம் கையை நீட்டினார். "அத்தனை பேர் நிற்கிறார்கள். ஒருத்தர்கூட அந்தப் பாடையைப் பார்க்கவில்லை."

அம்மையார் கீரையைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் வரைந்தது யார், ஐயா?"

ஏகாம்பரம் கூடத்துக்குத் திரும்பினார்.

பாடைக்குப் பின்னால் நடந்தவரின் முகம் இன்னும் புகைக்குள்தான் இருந்தது.

அவர் புதுப் பஞ்சை எடுத்து நனைத்தார்.