ஈ காக்கை நுழையாத அறை

திரையில் ஒற்றன் ஒட்டுமீசையோடு எதிரியின் தலைமையகத்துக்குள் நுழைந்ததும், டீ கொண்டுவந்த மாடத்தி சிரித்துவிட்டாள். இயக்குநர் மகுடபதி படத்தை நிறுத்தச் சொன்னார்.

“என்ன சிரிப்பு? என் படத்துல குறை கண்டுட்டியா?”

“படகுச் சண்டையில மூச்சுவிட மறந்துட்டேன் சார், அவ்வளவு நல்லாருக்கு. ஆனா சுவரெல்லாம் படம் ஒட்டி இவனைத் தேடறாங்க. ஒரு மீசை வச்சதும் யாருக்கும் அடையாளம் தெரியலையாக்கும்?”

“அப்போ காவலைத் தாண்டி எப்படிப் போறதுன்னு நீ சொல்லு. சொல்லலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“இந்த அறைக்கும் வாசல்ல ரெண்டு பேரைக் காவல் வச்சிருக்கீங்களே, காலையிலிருந்து யாராவது உள்ள வந்தாங்களா?”

“ஈ காக்கா நுழையல.”

“நான் நாலு தடவை வந்துட்டேன் சார்.”

உதவி இயக்குநர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மகுடபதி, திரையில் அசையாமல் நின்ற மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் காட்சியை மறுபடி எடுக்கணும். ஒற்றன் கையில டீத் தட்டு” என்றார் கடைசியில். “நாளைக்குச் சீக்கிரம் வாங்கம்மா. தட்டை எப்படிப் பிடிக்கறதுன்னு அவனுக்குக் காட்டணும்.”

எல்லோரும் டீ குடித்து முடித்ததும் மாடத்தி காலி டம்ளர்களை எடுக்க வந்தாள். மகுடபதி தன் டம்ளரைத் தானே எடுத்து அவள் தட்டில் வைத்தார்.