வண்டி நின்ற பிறகு

"மேடம், நான் எங்கே தப்பு பண்ணேன்?"

கூட்ஸ் வண்டி அப்போதுதான் முழுதாக நின்றிருந்தது. பரஞ்சோதி இன்னும் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்கேயும் பண்ணல," என்றாள் ஜெசிந்தா.

பல வருஷம் பணிமனையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, நாற்பதைத் தாண்டி ரயில் ஓட்டக் கற்றவன் அவன். திரையைப் பார்த்து வண்டி ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் உட்கார்த்தி அவனைப் பழக்கியவள் ஜெசிந்தா. வயதில் அவனுக்கு இளையவள். நிஜ வண்டியை அவன் தன் பொறுப்பில் ஓட்டும் முதல் நாள் என்பதால் கூட வந்திருந்தாள்.

சற்று முன், வளைவு திரும்பியதும் தண்டவாளத்தில் ஒரு ஆள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்துகொண்டிருந்தார்.

பரஞ்சோதி ஹாரனை விடாமல் அடித்தான். அதே நொடியில் எமர்ஜென்சி பிரேக்கும் போட்டான்.

அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

"சிமுலேட்டர்லயும் இதையேதானே மேடம் செஞ்சேன்? நூத்துக்கு நூறு போட்டீங்களே."

"இப்பவும் நூறுதான்."

அங்கே இந்த இடத்தில் திரை இருண்டுவிடும். மார்க் வரும். அவன் எழுந்து போய் டீ குடிப்பான்.

இங்கே கண்ணாடிக்கு வெளியே வெயில் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். முதலுதவிப் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள். கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"இறங்கி என்ன செய்யணும்? அதை நீங்க சொல்லித் தரவே இல்லையே."

"அந்த மெஷின்ல வண்டிக்குப் பின்னாடி ஒண்ணுமே கிடையாது, பரஞ்சோதி. எதை வெச்சுச் சொல்லித் தர்றது?"

ஜல்லியில் கால் புதையப் புதைய, வேகன்களை ஒட்டியே நடந்தான். அவள் பின்னால் வந்தாள்.

சரிவில் கிடந்தார் அந்த ஆள். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே பார்க்கப் பரஞ்சோதியால் முடியவில்லை. பெட்டியைத் திறந்தான். அதிலிருந்த பஞ்சும் துணியும் எந்த மூலைக்கு?

"தண்ணி," என்றார் அவர்.

ஜெசிந்தா பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பரஞ்சோதி வாங்கி, அவர் உதட்டை நனைத்தான்.

"நீ யாருப்பா?"

பரஞ்சோதி பாட்டிலைக் கீழே வைத்தான்.

"நான்தான்... வண்டி ஓட்டினவன்."

அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போயிடாத."

அவன் போகவில்லை. பிடி தளரும்வரை போகவில்லை. தளர்ந்த பிறகும் போகவில்லை.

ஆம்புலன்ஸ் இன்னும் வந்தபாடில்லை.

"மேடம், இவர் பேரைக்கூட நான் கேட்கலை."

சோளக்காட்டு வழியே ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அவள் நிற்கவில்லை.

ஜெசிந்தா ஓர் எட்டு விலகி, அவனுக்கு வழி விட்டாள்.

"அவங்ககிட்ட கேளுங்க."