மழை வருது, கதவைச் சாத்து

ஜெசிந்தா டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். மனையியல் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் யாரும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில்லை.

பிளஸ் டூ சங்கவிக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

குழந்தை வளர்ப்புப் பாடம் நடந்த வாரம் அது. பிள்ளை வளர்க்கக்கூடப் படிப்பா, அதற்கு மார்க் வேறா என்று ஊரே சிரிக்கும் பாடம். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். சங்கவி மட்டும் பிளாஸ்டிக் பொம்மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அம்மாகிட்ட வளராத பொண்ணுக்குப் பிள்ளை வளர்க்க வருமா?"

"ஏன் கேக்குற?"

"எனக்கு வராதுன்னு தோணுது. மத்தவங்கல்லாம் இந்தப் பொம்மையை அவங்கவங்க அம்மா தூக்குற மாதிரி தூக்குறாங்க. நான் புத்தகத்துல இருக்கிற படம் மாதிரி தூக்குறேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"அம்மா பேசுறாங்களா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் வரும். இப்ப நான் எடுக்கிறதில்ல."

சங்கவியின் அம்மா பாக்கியம் மஸ்கட்டில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். சங்கவிக்கு நாலு வயது ஆகும் முன்பே போனவள். நடுவில் வந்துபோனதெல்லாம் விருந்தாளி வந்துபோன கணக்குதான். பெட்டி நிறையச் சாக்லேட் வந்து இறங்கும், அதைப் பிரித்து முடிப்பதற்குள் புறப்படும் நாள் வந்துவிடும்.

போன மாதம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுக் குழந்தை ஓடிவந்து பாக்கியத்தின் மடியில் ஏறிக்கொண்டது. பாக்கியம் பேச்சை நிறுத்தவில்லை. கை மட்டும் தானாகப் போய் அதன் தலையைத் தடவியது. சங்கவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. பெண்ணுக்குக் கோபம் என்று அவளை வீட்டில் வைத்து வளர்க்கும் அத்தை சொன்னாள். கோபமாக இருந்திருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். இது ஏக்கம். அந்தக் கை தன் தலையை எப்போதாவது அப்படித் தடவியிருக்கிறதா என்று அவளுக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

"நாளைக்குக் குளிப்பாட்டுற பாடம்," என்றார் டீச்சர். "கணக்கு டீச்சரை அவங்க குழந்தையைக் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். நீதான் குளிப்பாட்டுற."

மறுநாள் கணக்கு டீச்சர் துண்டும் கையுமாக, வகுப்பில் ஒருநாளும் காட்டாத பயத்தோடு நின்றார். சங்கவி தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். கால்களின் மேல் குழந்தையைக் கிடத்தினார்கள். புத்தகத்தில் சொன்னபடி தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். சரிதானா என்று மறுபடி விட்டுப் பார்த்தாள்.

முதல் சொம்புத் தண்ணீர் வயிற்றில் விழுந்ததும் குழந்தை வீறிட்டது. கணக்கு டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். ஜெசிந்தா டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது தலைக்கு. சங்கவி உள்ளங்கையைக் குழந்தையின் நெற்றியில் தாழ்வாரம் மாதிரி வைத்துக் குனிந்தாள்.

"மழை வருது, கதவைச் சாத்து."

குழந்தை அழுகையை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்தது. தண்ணீர் விழுந்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டது. சங்கவி மறுபடி சொம்பை எடுத்தாள். புத்தகத்துப் படம் அவள் நினைவுக்கே வரவில்லை.

குழந்தையைத் துவட்டித் தூக்கிப் போனார்கள். வகுப்பும் கலைந்தது. சங்கவி நனைந்த சுடிதாரைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"தலைக்கு ஊத்தும்போது என்ன சொன்ன?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒண்ணும் சொல்லலையே டீச்சர்."

"மழை வருது, கதவைச் சாத்துன்னு சொன்ன. ஒவ்வொரு சொம்புக்கும் சொன்ன."

சங்கவியின் கை நின்றது. சொன்னது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"புத்தகத்துல அது இல்லையே."

"இல்ல டீச்சர்."

"நானும் சொல்லித் தரல. உங்க அத்தை சொல்வாங்களா?"

"அத்தை என்னைக் குளிப்பாட்டினதே இல்ல. அவங்க வீட்டுக்குப் போன அன்னைக்கே சொம்பைக் கையில குடுத்து, நீயே ஊத்திக்கோன்னுட்டாங்க."

டீச்சர் தலையாட்டினார். தரையில் கிடந்த சொம்பை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"சரி. மழை நின்னப்புறம் என்ன சொல்லணும்? குழந்தை கண்ணைத் திறக்கணும்ல."

சங்கவி முதல் வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்தது வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"தெரியல டீச்சர். நீங்க சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?" டீச்சர் பொம்மையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே. போனை எடுத்துக் கேளு."