கொசு வளர்க்க உரிமம்

புதிய சுகாதார விதி வந்ததும் வந்தது, பேரூராட்சி அலுவலகத்தைப் பெருக்கும் மாடத்தியின் ஏழு கோழிகளையும் உரிமம் இல்லையென்று கூண்டோடு தூக்கிப் போனார்கள். நாலு நாளாகக் கெஞ்சியதில் வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நானே எழுதின விதி. ஒரு எழுத்துகூட மாறாது!" என்று கூட்டத்தில் முழங்கினார் தலைவர் பூவலிங்கம்.

"அப்ப நீங்களே படிங்கய்யா" என்று நோட்டீஸை நீட்டினாள் மாடத்தி.

'கோழி' என்று இருக்க வேண்டிய இடத்தில் அச்சுப்பிழை. 'கொசு வளர்ப்போர் உரிமம் பெற வேண்டும். தவறினால் பறிமுதல்.'

கவுன்சிலர்கள் சிரிப்பை அடக்கினார்கள். தலைவர் விறைத்தார். "எழுதினது எழுதினதுதான்!"

"ரொம்ப சரிங்கய்யா. ஆபீஸ் மாடித் தண்ணித் தொட்டிய மூடுங்கன்னு மூணு மாசமாக் கத்துறேன். அதுல லட்சக்கணக்குல கொசு வளர்க்குறீங்களே, உரிமம் எங்கே? இல்லைன்னா கூண்டுலருந்து என் கோழிய இறக்கி விடுங்க, உங்க கொசுவப் பறிமுதல் பண்ணக் கூண்டு வேணும்ல!"