வீடு திரும்பாத மூன்றாவது விமானம்

"மூணாவது விமானம் மட்டும் வீடு திரும்ப மாட்டேங்குது, மேடம்."

சொன்னவர் தணிகைமலை. கணினியில் போர் விளையாட்டு உருவாக்குகிறவர். ஐம்பதைத் தாண்டியும் நிஜ விமானத்தில் ஏறப் பயப்படுகிறவர்.

ஜெசிந்தா போர் விமானம் ஓட்டியவர். விளையாட்டில் விமானங்கள் நிஜம்போலப் பறக்கின்றனவா என்று சோதித்துச் சொல்வது இப்போது அவர் வேலை. வயதில் சின்னவர்தான். ஆனாலும் தணிகைமலைக்கு அவர்தான் குரு.

"என்ன செய்யுது?"

"கூட வந்த விமானம் கடல்ல விழுந்துடுது. சண்டை முடிஞ்சு மத்ததெல்லாம் திரும்பிடுது. இது மட்டும் அங்கேயே சுத்துது. எரிபொருள் தீர்ந்து அதுவும் விழுந்துடுது. சுத்தச் சொல்லி நாங்க ஒரு வரிகூட எழுதலை."

"எதையோ தேடுது."

"தேட அதுக்கு மூளை ஏது மேடம்? வெறும் கணக்கு. நாளைக்குள்ள சரி பண்ணலேன்னா என் வேலை போயிடும்."

திரையில் அந்த விமானம் தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கீழே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. விழுந்ததை உடனே அழிச்சிடுவோம். வெறும் நீலக் கலர்தான்."

"அழிச்சதை இதுகிட்ட சொன்னீங்களா?"

அப்படிச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஜெசிந்தா மேசையில் கிடந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மைக்கை வாயருகே இழுத்தார்.

"மூணு, திரும்பி வா. அவன் இல்ல."

விமானம் ஒருமுறை சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து கரையைப் பார்த்து வந்தது. ஓடுதளத்தில் இறங்கி நின்றது.

தணிகைமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கும்பிடக் கை தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஹெட்போனின் ஒயர் மேசை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எதிலும் செருகவில்லை.

ஆனாலும் வேலை முக்கியம்.

"நிஜம் மாதிரி இருக்குன்னு எழுதிக் கொடுத்துடுறீங்களா, மேடம்?"

"இப்ப இல்ல. சுத்தினப்போ இருந்தது."

தணிகைமலைக்கு அப்போதுதான் புரிந்தது. குரல் இறங்கிவிட்டது.

"உங்க கூடப் பறந்தவரா?"

"ம். அவன் இல்லன்னு எனக்கு யாரும் சொல்லல."

"அப்புறம் எப்படித் திரும்பி வந்தீங்க?"

ஜெசிந்தா ஹெட்போனைக் கழற்றவில்லை. திரையின் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேன்னு நினைச்சீங்களா?"