இருப்பு எண்ணப் போன மாரப்பன்

இதைச் சொன்னவர் ஈரோட்டைச் சேர்ந்த திரு. நஞ்சப்பன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலைக் கல்லூரியில் ஒன்றாக பி.காம். படித்தவர்கள் பல்லாண்டு கழித்துக் கூடிய ஒரு மதிய விருந்தில், 2003ஆம் ஆண்டுத் தை மாதம், பந்திக்கு இலை போடுவதற்கு முன் சொன்னார். பவானியிலும் கோபிச்செட்டிபாளையத்திலும் பிறகு கேட்ட இதே கதையின் பாடங்கள் முடிவில் மட்டும் வேறுபடுகின்றன.

*

“மேடம், ஒண்ணு கேக்கோணுங்க.”

“கேளுங்கண்ணா.”

“கணக்கு எழுதறவனுக்கும் அதைப் பாக்கற ஆடிட்டருக்கும் என்னங்க வித்தியாசம்?”

கேட்டவர் மாரப்பன். நாற்பது வயதைக் கடந்தவர். நூற்பாலை ஒன்றில் இருபது ஆண்டு கணக்கு எழுதியவர். பகலில் ஆலை, மாலையில் கல்லூரி என்று சைக்கிள் மிதித்தே பட்டம் வாங்கியவர்.

கேட்கப்பட்டவர் ஆடிட்டர் தமயந்தி. அவரைவிடப் பத்து வயது இளையவர். மாலைக் கல்லூரியில் அடக்கவிலைக் கணக்குப் பாடம் எடுத்தவர். அங்கே தொடங்கிய ‘அண்ணா’வும் ‘மேடமும்’ அலுவலகத்திலும் அப்படியே தொடர்ந்தன.

ஆடிட்டராக வேண்டும் என்று மாரப்பன் ஆலை வேலையை விட்டு அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு எரிந்தது இரண்டு எருமைகளின் பாலால்தான்.

பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. சான்றிதழும் தட்டச்சாகி, தமயந்தியின் மேசையில் கண்ணாடிக் குண்டின் கீழே கிடந்தது. ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அது இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. விண்ணப்பத்துக்கு அந்த வாரமே கடைசி.

“நீங்களே சொல்லுங்கண்ணா. என்ன வித்தியாசம்?”

“மைதானுங்க. நாங்க நீலம், நீங்க பச்சை.”

தமயந்தி சிரித்துவிட்டார்.

“நாளைக்கு வருஷக் கடைசி. மஞ்சள் குடோன்ல இருப்பு எண்ணணும். நீங்க போயிட்டு வாங்க.”

“வந்தா கையெழுத்துங்களா?”

“வாங்க, பாக்கலாம்.”

*

குடோனின் முன்னறையில் கணக்கெழுத உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் மாரப்பனுக்கு முகம் மலர்ந்தது. பெரியண்ணன். மாலைக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனவர்.

“வாங்க ஆடிட்டர் சார். நிக்கட்டுங்களா, உக்காரட்டுங்களா?”

“அட, சும்மா இருடா.”

“நாளைக்கு ஆடிட்டர் பட்டம் வந்துட்டா எங்களையெல்லாம் ‘யாருய்யா நீ’ன்னு கேப்பே. இன்னிக்கே பழகிக்கறேன்.”

மோர் வந்தது. மின்விசிறி மாரப்பன் பக்கம் திருப்பி வைக்கப்பட்டது.

உட்புறக் கதவுக்கு அப்பால் மஞ்சள் மூட்டைகள் அட்டி அட்டியாகக் கூரையைத் தொட்டு நின்றன. விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். நெடி முன்னறைவரை வந்தது.

“எண்ணிடலாமா?” என்றார் மாரப்பன்.

“எண்ணலாம். மோரைக் குடி.”

குடித்தார். பேச்சு மாலைக் கல்லூரிக்குப் போனது.

மின்சாரம் போனால் பெட்ரோமாக்ஸ் வரும்வரை இருட்டிலேயே வாய்ப்பாடு போல விதிகளை ஒப்பிக்க வைத்த பேராசிரியர். ஒரே ஒரு பாடப் புத்தகத்தை நான்கு பேர் கிழித்துப் பங்கு போட்டது. விடைப் பக்கம் யாருக்கு என்று சண்டை வந்தது. கல்லூரி வாசலில் தள்ளுவண்டிப் போண்டா.

“உனக்கு ஞாபகம் இருக்கா? கணக்கு நேராகலேன்னா வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குல தள்ளிட்டுச் சைக்கிளை எடுத்துட்டு ஓடுவே.”

“நீ மட்டும்? நீ என்னைப் பாத்து எழுதி, என் தப்பையும் சேத்து எழுதினவன்.”

“அதனாலதான் பெயில் ஆனேன். இல்லேன்னா நஞ்சப்பன் மாதிரி பேங்க்ல ஏ.சி. ரூம்ல உக்காந்திருப்பேன்.”

“அவன் தர்மபுரிக் கிளையில இருக்கான். ஏ.சி. எங்க இருக்குது? விசிறிமட்டைதான்.”

இருவரும் சிரித்தார்கள். யார் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார், யார் பம்பாயில் கம்பெனிக் கணக்குக்குப் போனார், யார் பெண் கொடுத்த மாமனாரின் அரிசி ஆலையோடு அடங்கிப்போனார் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பேசினார்கள். பெஞ்சு பெஞ்சாக அந்த வகுப்பு முழுவதும் முன்னறையில் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

நடுவே உள்ளேயிருந்து யாரோ பெரியண்ணனைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் பேச்சில் கொஞ்சம் சுருதி குறைந்திருந்தது.

“யாரு?”

“பின்பக்கம் ஒரு வேலை. நீ சொல்லு, அந்தப் போண்டாக்காரர் என்ன ஆனாரு?”

மாரப்பன் சொன்னார்.

வெயில் உச்சிக்கு வந்தது. பெரியண்ணன் இருப்புத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

விரலி இத்தனை மூட்டை. கிழங்கு இத்தனை மூட்டை. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. முத்து முத்தான எழுத்து.

மாரப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் அவரும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார், வருஷம் தவறாமல். எந்த ஆடிட்டரும் பஞ்சுப் பொதி பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு பொதி பிசகினதும் இல்லை. அந்தத் தாளிலிருந்த எழுத்தை அவர் நம்பினார். அது தம் எழுத்தைப் போலவே இருந்தது.

“எண்ணணுமா?” என்றார் பெரியண்ணன், குரலைத் தாழ்த்தி.

“உன் கணக்கு எனக்குத் தெரியாதா?”

பெரியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மோர்த் தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மாரப்பன் தம் தாளில் அந்த எண்களை எழுதினார். கீழே, ‘நேரில் எண்ணிச் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

*

அலுவலகத்தில் தமயந்தி இல்லை. மாரப்பன் காத்திருந்தார். கண்ணாடிக் குண்டின் கீழே சான்றிதழ் மின்விசிறிக் காற்றில் ஓரம் துடித்துக்கொண்டிருந்தது.

சிறிது நேரத்தில் தமயந்தி வந்தார். நெற்றியில் வியர்வை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார்.

“வந்துட்டீங்களா அண்ணா? தாளை மேசையில வைங்க.”

வைத்தார். தமயந்தி அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாசித்தார். ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

“சரியா இருக்கு.”

மாரப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது.

“அப்பக் கையெழுத்துப் போட்டுடறீங்களா மேடம்? இன்னிக்கே தபால்ல சேத்துடுவனுங்க.”

“போடலாம். கை கழுவிட்டு வாங்க. முதல்ல சாப்பிடுவோம்.”

முற்றத்துச் சுவரில் வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒன்று பதித்திருந்தது. அவ்வப்போது தேய்த்துக் கழுவி, பால் போல வைத்திருப்பார்கள்.

மாரப்பன் குழாயைத் திறந்து கைகளை நீட்டினார். தண்ணீர் தெளிவாக விழுந்தது, தெளிவாகவே ஓடியது. துண்டில் துடைத்துக்கொண்டு நகர்ந்து நின்றார்.

அவருக்குப் பின்னால் தமயந்தி வந்து நின்றார். பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்துக் குழாயின் கீழ் நீட்டினார்.

தொட்டி முழுவதும் மஞ்சளாயிற்று.

தமயந்தி நகக்கண்களைத் தேய்த்தார். மறுபடி மஞ்சள். முழங்கைவரை கழுவினார். அப்போதும் மஞ்சள்.

மாரப்பன் தம் கைகளைப் பார்த்தார்.

“வாங்கண்ணா, சாப்பிடலாம்,” என்றார் தமயந்தி.

*

நஞ்சப்பன் சொல்லும் கதை இந்த இடத்தில் நிற்கிறது.

பவானிப் பாடத்தில் மாரப்பன் சாப்பிட உட்காரவில்லை. தம் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு குடோனுக்குத் திரும்பினார். விளக்கு வைக்கும் வேளையில், கழுவாத கையோடு வந்து மேசை முன் நின்றார். அப்போது சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

கோபிச்செட்டிபாளையத்தார் வேறு விதமாகச் சொல்கிறார்கள். கிழங்கு அட்டியின் பின்வரிசையில் தவிட்டு மூட்டைகள் இருந்தன. தமயந்தி அதைக் கண்டுபிடித்தார். மாரப்பன் அந்த ஆண்டு தேர்வு எழுதவில்லை என்பது அவர்கள் பாடம்.

இதை நஞ்சப்பனிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“தவிடு கிவிடு ஒண்ணுமில்லீங்க. பெரியண்ணன் எழுதினது எழுதினபடி இருந்துச்சு. ஒரு மூட்டைகூடக் குறையலை.”