கோணக்காலன் கட்டிய மணல் மேடு

ஒரு சவுக்குக் காட்டில், மரங்கள் முடிந்து கடற்கரை மணல் தொடங்கும் இடத்தில், கோணக்காலன் என்றொரு நண்டு இருந்தது. நண்டுக்கு எல்லாக் காலும் கோணல்தானே என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. அதன் சொந்தக்காரர்கள் வைத்த பெயர், நான் என்ன செய்ய?

அந்தக் கரை நண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளை தோண்டும்போது வரும் மணலை வாசலிலேயே குவித்து வைக்கும். நூறு நண்டுக்கு நூறு குவியல், எல்லாம் உருண்டை உருண்டையாக. கோணக்காலனுக்கு மட்டும் அப்படிக் குவிக்க மனம் வரவில்லை. ஈர மணலை ஒரு பக்கமாகச் சாய்த்து, உச்சியில் ஒரு முனையை நீட்டி, நடுவில் ஓர் ஓட்டை போட்டு வைத்தது. அது மலையும் இல்லை, மரமும் இல்லை, மீனும் இல்லை. ஆனால் தூரத்தில் நின்று பார்த்தாலும் அந்த ஓட்டை வழியே வானம் தெரியும். பார்த்ததும் கோணக்காலனுக்கு மனசு நிறைந்துவிடும். பருந்தின் நிழல் விழுந்தால், அந்த ஓட்டையைப் பார்த்து ஒரே ஓட்டம்தான். கண் மூடித் திறப்பதற்குள் வளைக்குள் போய்விடும்.

ஒருநாள் காலையில் ஒரு முயல் வந்து, "இது என்ன?" என்று கேட்டது.

கோணக்காலன் விழித்தது. இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே அதற்கு அதுவரை தெரியாது.

"மணல்" என்றது.

"மணல் என்று எனக்கும் தெரியும். மணலில் என்ன செய்திருக்கிறாய்?"

நண்டு யோசித்து யோசித்துப் பார்த்தது. ஒன்றும் பிடிபடவில்லை. முயலோ சரியான பயந்தாங்கொள்ளி. செய்தவனுக்கே பெயர் தெரியாவிட்டால் அது நரியாகத்தான் இருக்கும், அந்த முனைதான் நரியின் காது என்று தானே முடிவுகட்டி நடுங்கியது. ஐயோ பாவம் என்று கோணக்காலன் முனையைக் கிள்ளி எறிந்தது.

அடுத்து வந்தது மயில். உலகத்தில் யார் எதைச் செய்தாலும் அது தன்னைப் பார்த்துத்தான் என்பது அதன் நினைப்பு. இது தன் சிலையேதான், ஆனால் தோகை எங்கே, வயிற்றில் எதற்கு ஓட்டை என்று கோபித்துக்கொண்டது. நண்டுக்குக் குழப்பமாக இருந்தது. ஒருவேளை மயிலைத்தான் செய்தோமோ? ஓட்டையை அடைத்து, பின்னால் மணலை விரித்து வைத்தது.

மதியம் ஒரு கழுதை வந்தது. அதற்குத் தெரியாத விஷயமே கிடையாது, அதாவது அது அப்படித்தான் சொல்லும். "இது சலவை மூட்டை. கட்டத் தெரியாமல் கட்டியிருக்கிறாய், துணி வெளியே தொங்குகிறது பார்" என்றது. தோகையை உள்ளே தள்ளித் தட்டி, உருட்டி விடும்படியும் சொல்லிக் கொடுத்தது. கோணக்காலன் அப்படியே செய்தது.

ஒரு கண்ணால் இந்தப் பக்கமும் மறு கண்ணால் அந்தப் பக்கமுமாகப் பார்த்தது. நரியா, மயிலா, மூட்டையா? தலை சுற்றியது. கொஞ்சம் நனைந்தால் தெளியும் என்று அலையோரம் போனது.

அப்போதுதான் பருந்தின் நிழல் விழுந்தது.

கோணக்காலன் திரும்பிப் பார்த்தது. முனையைக் காணோம். ஓட்டையைக் காணோம். கரை முழுக்க நூறு உருண்டைகள். ஒரு வளைக்குள் நுழைந்தது, உள்ளே இருந்த நண்டு கிள்ளித் துரத்தியது. இன்னொன்றில் ஒரு குடும்பமே இருந்தது. மூன்றாவதைத் தேடுவதற்குள் பருந்து அதன் இடது கொடுக்கைப் பற்றி மேலே தூக்கியது.

உயிர் போகிற நேரத்தில் நண்டு என்ன செய்யுமோ அதைச் செய்தது. கொடுக்கைக் கழற்றி விட்டுவிட்டுக் கீழே விழுந்தது. விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த வளையில் புகுந்துகொண்டது. அது யாருடையது என்று இன்றுவரை அதற்குத் தெரியாது.

மறுநாள் தன் வளையைத் தேடிப்பிடித்து, இருந்த ஒற்றைக் கொடுக்கால் மேட்டை மறுபடி சாய்த்தது, முனையை நீட்டியது, ஓட்டை போட்டது. வலித்தது, விடவில்லை.

கழுதை வந்து நின்றது. "இது என்ன?"

"என் வாசல்."

"வாசல் இப்படியா இருக்கும்?"

கோணக்காலன் அலையோரம் வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தது. ஓட்டை வழியே வானம் தெரிந்தது.

நீதி: வருகிறவர் போகிறவர் சொல்லுக்கெல்லாம் மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நம் வாசல் நமக்கே தெரியாது.